எதிர்ப்பவர் எவருமில்லை

துலா காளவாசல் தெருவில் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை எடை போட்டது. அவர்களில் இருநூற்று நாற்பத்தொரு பேர் தப்பான கட்சியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

கரிசல்புதூரில் அப்போது இரண்டே கட்சிகள். வேட்டியில் ஒரு கரை ஓடினால் ஒற்றைக்கரை, இரண்டு ஓடினால் இரட்டைக்கரை. கட்சிகளுக்கு நீளமான முழுப்பெயர்கள் இல்லாமல் இல்லை. அவை சுவரொட்டி அடிக்கும்போது மட்டும்தான் தேவைப்பட்டன. மற்ற நேரமெல்லாம் கரைதான் பேர். பெண்கள் கரை கட்டுவதில்லை என்றாலும், எந்த வீட்டுப் பெண் எந்தக் கரை என்பது தெருக்குழாய்க்குக்கூடத் தெரியும்.

புதிதாக வந்ததற்கு மெய்யுறுப்பினர் சட்டம் என்று பெயர். ஒரு கட்சியில் இருப்பவர் அந்தக் கட்சியின் கொள்கையோடு நூற்றுக்கு அறுபதாவது ஒத்துப்போக வேண்டும். அதற்குக் குறைந்தால், யாரோடு அதிகம் ஒத்துப்போகிறாரோ அங்கே மாற்றிவிடுவார்கள். கொடி ஒன்று, கொள்கை ஒன்று என்று திரிகிறவர்களால்தான் நாடு கெட்டது என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காளீஸ்வரிக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் வில்வநாதன் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவள். இரண்டு கரைக்காரர்களின் சுவரொட்டிகளும் அங்கேதான் அச்சாகும். இரண்டிலும் ஒற்று மிகும் இடத்தில் மிகச் செய்வதும், மிகாத இடத்தில் அடிப்பதும் அவள் வேலை. அது போக, தெருவின் ஒற்றைக்கரைக் கிளைக்கு அவள்தான் செயலாளர். அந்தப் பொறுப்பு கணவன் சங்கரபாண்டியனுடையது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவன் இறந்தபிறகு, கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்காமலே அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

யார் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று அளக்கிற துலாவை நகராட்சிப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் வைத்திருந்தார்கள். தையல் மிஷின் அளவில் ஒரு பெட்டி. முன்னால் கண்ணுக்கு ஒரு துளை, குரலுக்கு ஒரு துளை. பக்கத்தில் நிறை அலுவலர் மரிய செல்வி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தெருவில் அவரை எடைக்கார மேடம் என்றார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

காளீஸ்வரி ஒரு முடிவோடு போயிருந்தாள். அவளுடைய கருத்துகள் எந்தக் கரைப் பக்கம் சாயும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சங்கரபாண்டியனுக்கும் தெரியும். கல்யாணமான மறுவாரமே, காலைப் பேப்பரை நடுவில் வைத்துக்கொண்டு, ‘நீ சரியான இரட்டைக்கரைக்காரிடி, தெரியாம இந்த வீட்டுக்குள்ள வந்துட்ட’ என்று சிரித்தவன் அவன். ஆகவே இன்று எல்லாக் கேள்விக்கும் அவன் சொல்லக்கூடிய பதிலையே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டாள்.

குடிநீர்க் குழாய்க்கு அளவி, அதாவது மீட்டர், வைக்க வேண்டுமா என்று பெட்டி கேட்டது. கூடாது என்றாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டி அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டது. கூடாது என்றாள். மறுபடியும் மஞ்சள். மூன்றாம் முறை, பொய்யைத் திருத்தாமல் விட மனசில்லாத புரூஃப்காரியாக, “வைக்கத்தான் வேணும்” என்றாள். பச்சை எரிந்தது.

பொய் சொன்னால் குரல் ஒரு மயிரிழை தடுக்குமாம், இமை ஒரு கணம் பிந்துமாம். மரிய செல்வி விளக்கினார். துலாவை ஏமாற்றியவர்கள் இந்த மாவட்டத்தில் இதுவரை இல்லை என்று சொன்னபோது அவர் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

பாதியில் ஒரு கேள்வி வந்தது. இலவசங்கள் ஒழிய வேண்டுமா?

“எது எது?” என்று கேட்டாள் காளீஸ்வரி.

“ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா.”

“எதுன்னு தெரியாம எதைன்னு ஒழிக்க? பட்டியல் எங்க?”

“கேள்வியை நாங்க எழுதுறதில்லம்மா. ஒவ்வொரு ஊரிலயும் கிளைக் கூட்டத்துல போடுற தீர்மானத்துலயிருந்துதான் கேள்வி எடுக்குறோம். அவங்க இப்படி எழுதி அனுப்புனா நாங்க இப்படித்தான் கேக்கணும். தெருவுல இதுவரைக்கும் அத்தனை பேரும் சட்டுனு ஆமான்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பட்டியல் கேக்குறீங்க.”

அந்தக் கேள்வியை வெற்றிடமாக விட்டுவிட்டார்கள். கடைசியில் எண்கள் வந்தன. ஒற்றைக்கரையோடு நாற்பத்து நான்கு. இரட்டைக்கரையோடு எழுபத்தொன்று.

காளீஸ்வரி எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவது என்று இருந்தாள். திருச்சி மாநாட்டுக்குப் போய்த் திரும்பும்போது, துவரங்குறிச்சி தாண்டி, பட்டப்பகலில் வேன் கவிழ்ந்ததைச் சொன்னாள். உள்ளே பன்னிரண்டு பேர். பதினோரு பேர் எழுந்தார்கள். கவிழும் நிமிஷம் வரைக்கும் அவளும் அவனும் குடிநீர் அளவியைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்த வண்டிகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். அவளுடைய தோள் எலும்பு முறிந்து தொங்கியது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் தன் ஒற்றைக்கரை வேட்டியைக் கிழித்துத்தான் அதைக் கட்டினார். அரை டவுசரோடு அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஊரில் முப்பது நாள் அந்த வீட்டு அடுப்பை எரியவிடாமல் தெரு சோறு கொண்டுவந்து வைத்தது.

“இது என் வீட்டுக்காரர் செத்த கட்சி மேடம். நான் இதுலயே இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

மரிய செல்வி பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க சொன்னதுல கருத்துன்னு ஒண்ணும் இல்லையேம்மா.”

“அப்ப அது என்னது?”

 அச்சாகி வந்த அட்டையை மேசைமேல் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த வருஷமும் எடை உண்டு, எண் மாறினால் அட்டையும் மாறும் என்று மட்டும் சொன்னார். காளீஸ்வரி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு இடம் மாறியது. இரண்டு கட்சிகளின் படிப்பகங்களும் தெருவின் இரண்டு பக்கத்தில் நேர் எதிரெதிரே இருந்தன. இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கமுமாக நடந்தார்கள். ஒரே வீட்டில் மாமனார் ஒரு திசையும் மருமகன் ஒரு திசையுமாகப் போனார்கள். புதுக்கரை வேட்டி வாங்கக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பழைய வேட்டியைத் தூக்கிப்போட மனசில்லாமல் தலையணைக்குள் திணித்து வைத்தவர்களும் உண்டு.

தெருவின் நடுவில் எதிரே வந்தான் தவமணி. முப்பது வருஷ இரட்டைக்கரைக்காரன். சங்கரபாண்டியனோடு ஒரே பெஞ்சில் படித்து, அவனை எதிர்த்து இரண்டு தடவை வார்டுக்கு நின்று, இரண்டு தடவையும் தோற்றவன். துலா அவனை ஒற்றைக்கரையோடு அறுபத்தெட்டு என்று போட்டிருந்தது.

“என்ன மதினி, எங்க வீட்டுக்கா?”

“நீங்க காலி பண்ணிட்டீகளே, பூட்டிக் கிடக்க வேண்டாம்னு போறேன்.”

“ஃபேன் சத்தம் போடும். கம்பால ஒரு தட்டுத் தட்டுனா நின்னுரும்.”

“சத்தமா, ஃபேனா?”

“ரெண்டும்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். எங்கள் பீரோ சாவி லேசில் திரும்பாது, தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று பதிலுக்குச் சொன்னாள். தவமணி நகராமல் நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணன் சங்கரபாண்டியன் படத்தைப் படிப்பகச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லிப் புதுசாக வந்தவர்களில் சிலர் பேசுவதாகவும், தான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது என்றும் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

இரட்டைக்கரைக் கிளைக்குத் தலைவர் அவளுடைய முதலாளி வில்வநாதன்தான். நல்ல மனுஷர். கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடிந்தது. ஒற்றைக்கரையில் மூன்று மணி நேரம் ஆகும். அங்கே தீர்மானத்தின் முதல் வரிக்கே இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். இங்கே அதெல்லாம் இல்லை. வில்வநாதன் படிப்பார். ஆதரிப்பவர் என்பார். எல்லாக் கையும் ஏறும். எதிர்ப்பவர் என்பார். எவருமில்லை என்று அவரே எழுதிக்கொள்வார். துலா பொறுக்கி எடுத்துச் சேர்த்த கூட்டம், வேறெப்படி இருக்கும்?

முதல் மாதம் காளீஸ்வரிக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயுசு முழுக்கத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கூட்டமே சேர்ந்து சொல்வது சுகமாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாதம் பள்ளிக்கூடச் சாலைக் கடைகளைப் பற்றித் தீர்மானம் வந்தது. அந்தக் கடைகள் போக வேண்டும் என்று அவள் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறாள். நடைபாதையைக் கடை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் லாரிக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். சங்கரபாண்டியன் விடமாட்டான். பிழைக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்பான். அந்தச் சண்டையின் முடிவில்தான் ஒரு காலத்தில் அங்கே மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே கடை, வெளியே பிள்ளைகள். அவளுக்கும் முழுத் திருப்தி இல்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் பிள்ளைகளும் பத்திரமாக நடந்தார்கள், கடைகளும் இருந்தன.

இப்போது கடைகள் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்று வில்வநாதன் படித்தார். காளீஸ்வரியும் கை தூக்கினாள். எதிர்ப்பவர் எவருமில்லை. ஒருமனதான தீர்மானம் என்று கையோடு நகராட்சிக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு நகராட்சி வண்டி வந்தது.

அவள் அச்சகத்துக்குப் போகும் வழி அதுதான். ராசகனி சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாக அந்த மதிலோரம் பணியாரம் சுடுகிறவள். மாவுப்பானை உடைந்து தார்ரோட்டில் வெள்ளையாக ஓடியிருந்தது. அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

“நீங்களும் கை தூக்குனீகளாமே யக்கா.”

காளீஸ்வரி ஆமாம் என்றாள். துலாவுக்கு முன்னால் நின்ற மாதிரி இருந்தது.

“அதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. நீங்க எப்பவும் அதைத்தான் சொல்லுவீக, என் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கீக. எதுத்து ஒரு வார்த்தை பேச ஒரு ஆளுகூடவா இல்லாமப் போச்சு அந்தக் கூட்டத்துல?”

அவள் கேட்டது அவ்வளவுதான். சட்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

காளீஸ்வரி அன்று அச்சகத்தில் ஒரு பக்கத்தை நான்கு தடவை படித்தாள். அவள் கருத்து மாறவில்லை. நடைபாதை நடக்கிறவர்களுக்குத்தான். அதில் இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் தான் அவ்வளவு கறாராகப் பேச முடிந்ததே, எதிரே ஒருவன் உட்கார்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் என்று அப்போது தெரிந்தது. கயிற்றின் மறுமுனையை விட்டுவிட்டார்கள். அவள் தன் பலத்திலேயே மல்லாந்து விழுந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கான தீர்மானம் அச்சகத்துக்குப் புரூஃபுக்கு வந்தது. ஒரே வரி. ‘இலவசங்கள் அனைத்தையும் அரசு உடனடியாக ஒழிக்க வேண்டும்.’ எழுத்துப்பிழை இல்லை. ஆனாலும் அவள் பேனா அந்த முதல் சொல்லில் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை அரசாங்கம் எதன்மேலும் அச்சடித்ததில்லை. அவளுக்குத் தெரியும், அந்தப் பைகளுக்கும் அட்டைகளுக்கும் புரூஃப் பார்த்ததே அவள்தான். அரிசிப் பையில் விலையில்லா அரிசி. சைக்கிள் சீட்டில் விலையில்லா மிதிவண்டி. ஆகவே காளவாசல் தெருவில் யார் வீட்டிலும் இலவசம் என்று எழுதிய ஒரு பொருள்கூட இல்லை. இலவசம் என்பது எப்போதும் அடுத்த தெருவுக்குக் கிடைப்பது. அதை ஒழிக்கச் சொன்னால் யாருக்குக் கை தூக்கக் கசக்கும்? துலா பொய்யைக் கண்டுபிடிக்கும். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லை வெறுத்தார்கள், உண்மையாகவே வெறுத்தார்கள். சொல்லுக்குப் பின்னால் இருந்த சாமானைப் பெட்டி கேட்கவே இல்லை.

ஓரத்தில், விடுபட்டதற்கான குறியைப் போட்டு, ‘எவை?’ என்று எழுதினாள்.

கூட்டத்தன்று வில்வநாதன் படித்து முடித்ததும் எழுந்தாள்.

“ஒரு திருத்தம் அண்ணாச்சி.”

“பிழை இருந்தா அங்கயே திருத்தியிருக்கலாம்ல?”

“பிழை இல்ல, விடுபட்டுருக்கு. எதெதுன்னு பட்டியல் போடணும். வெறும் அனைத்தும்னு போனா மேல இருக்கிறவுக அவுக இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை விட்ருவாக.”

அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. வில்வநாதனே தலையாட்டினார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கை தூக்குங்கள், எழுதிக்கொள்ளலாம் என்றாள் அவள். ஐந்து நிமிஷ வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“முதல்ல, பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ். ஒழிக்கலாமா?”

ஆண்கள் பக்கம் சில கைகள் ஏறின. பெண்கள் பக்கம் ஒன்றும் ஏறவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குத் தினம் போய்வருகிற ஒருத்தி, “அது இலவசம் இல்லக்கா, அது பஸ்ஸு” என்றாள். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, ஏற்கெனவே ஏறியிருந்த கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. அவரவர் வீட்டில் யார் பஸ்ஸில் போகிறார்கள் என்று அவரவருக்கு நினைவு வந்திருக்கும்.

அரிசி என்றாள். அது ரேஷன் என்றார்கள். சைக்கிள் என்றாள். அது பிள்ளைகள் படிப்பு. பிரசவ மருந்துப் பெட்டி என்றதும் பின்வரிசையில் ஒருவர் கோபமாகவே எழுந்து, பச்சைப்பிள்ளை மருந்தைப் போய் இலவசம் என்று எவன் சொன்னான் என்று கேட்டார். காளீஸ்வரி எதையும் வாதாடவில்லை. அவள் கை மட்டும் சிலதுக்கு ஏறியது, சிலதுக்கு ஏறவில்லை. எண்ணிக்கொண்டு வந்தவர்கள் திகைத்தார்கள். பன்னிரண்டில் ஏழுக்கு அவள் ஒழிக்கலாம் என்றே கை தூக்கினாள். பல தடவை அந்தக் கூடத்தில் ஏறிய ஒரே கை அவளுடையது.

“பன்னெண்டாவது, சின்ன அச்சகங்களுக்குக் கட்டணமில்லாத கரண்ட்.”

கூடம் வில்வநாதனைப் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“காளீஸ்வரி, அது தொழிலுக்குக் கொடுக்கிற ஊக்கம். அதைக் கொண்டுபோய் இதுல சேக்கலாமா?”

“சேக்கலாமான்னு கேக்கத்தான் கூட்டம் அண்ணாச்சி. ஆதரிப்பவர் ஒரு கை, எழுதிக்கிடுங்க.”

“யாரு கை?”

“என் கைதான்.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. கடைசியில் வில்வநாதனும் சிரித்துவிட்டார். அன்றைக்கு இரட்டைக்கரைப் படிப்பகத்தில் கூட்டம் முடிய ஒன்பதே முக்கால் ஆனது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இலவசங்களை ஒழிக்கும் தீர்மானம் அப்படியே நின்றது. ஆனால் அதன் கீழே பன்னிரண்டு பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் விழுந்த கைகளின் எண்ணிக்கையும் இருந்தன. எழுதியதை எழுதியபடி துலா வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்பினார்கள்.

தவமணி மறுநாளே அச்சக வாசலுக்கு வந்துவிட்டான். தெருவையே திருப்பி எங்கள் பக்கம் தள்ளப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். ராசகனிக்காகவும் ஒரு நல்ல புரூஃபுக்காகவும்தான் எழுந்ததாக அவள் சொன்னாள். அது உண்மை. ஆனால் அன்று இரவெல்லாம் கணக்குப் போட்டதையும் ஒப்புக்கொண்டாள். வாரியம் அடுத்த எடையில் ஒரு கேள்விக்குப் பதில் பன்னிரண்டு கேள்விகள் கேட்கும். சொல்லுக்காக இங்கே வந்தவர்கள் சாமானுக்காகத் திரும்பிப் போவார்கள்.

“எனக்கும் திரும்பி வரணும் தம்பி. அதுக்கு ஒரு வழி இருக்குன்னா நான் எதுக்கு விடணும்?”

“வாங்க. நாற்காலியைத் துடைச்சு வைக்கிறேன்” என்றான் அவன்.

வருஷம் திரும்பி மறுபடி துலா வந்தது. அதே ஆறாம் வகுப்பு, அதே மரிய செல்வி. இந்தத் தடவை காளீஸ்வரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் விளக்கு ஒரு முறையும் எரியவில்லை. முன்பு வெற்றிடமாக விட்ட இடத்தில் பன்னிரண்டு கேள்விகள் வரிசையாக வந்தன. கூட்டத்தில் எதற்குக் கை தூக்கினாளோ அதற்கு ஆமாம் என்றாள், மற்றதற்கு இல்லை என்றாள்.

மரிய செல்வி எண்ணைப் படிக்குமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“தெருவுல உங்க எடைதான் கடைசி. இரட்டைக்கரையில இருந்த அத்தனை பேரும் அறுபதுக்குக் கீழ இறங்கிட்டாங்கம்மா. வில்வநாதன் சார் உட்பட. எல்லாரும் ஒற்றைக்கரைக்குப் போறாங்க.”

“நானு?”

“எழுபது.”

வகுப்பறைக்கு வெளியே யாரோ பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் எழுபத்தொன்று.

“ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு” என்றாள்.

“மத்தவங்களுக்கு அந்த வார்த்தைதாம்மா எடையா இருந்துச்சு. அதை எடுத்ததும் லேசாயிட்டாங்க. நீங்க முதல்லயே வார்த்தைக்குப் பதில் சொல்லல. உங்ககிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.” பிறகு, சட்டத்தில் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். ஒரே ஆள் மிஞ்சிய கிளையைக் கலைக்கலாம். கலைத்தால் அவள் எந்தக் கரையும் இல்லாதவள். பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், நிம்மதி என்கிறார்கள். கலைக்காவிட்டால் கிளை இருக்கும், அவளே உறுப்பினர், அவளே செயலாளர். கிளை வேண்டுமென்றால் அட்டையில் கையெழுத்துப் போட்டு, வேண்டாமென்றால் போடாமல், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை காளீஸ்வரி இரட்டைக்கரைப் படிப்பகத்தைத் திறந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். அட்டை மேசையில் கிடந்தது. எதிரே ஒற்றைக்கரைப் படிப்பகத்தில் இடம் போதாமல் ஆட்கள் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். முந்நூற்றுப் பதினோரு பேர். கூட்டம் தொடங்கிய சத்தம் கேட்டது. சுருக்கமாக ஏதோ படிக்கிற சத்தம். பிறகு அமைதி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த அமைதியிலிருந்து, கூட்டத்தை நடத்திய தவமணி எழுந்து தெருவைக் கடந்து வந்தான். கையில் ஒரு தாள் இருந்தது. உள்ளே வந்து நின்றான், உட்காரவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தை வாரச்சந்தைக்கு விடுவது என்று தீர்மானம். முந்நூற்றுப் பதினோரு கையும் ஏறிவிட்டது என்றான்.

“நல்லதுதானே. ராசகனி மாதிரி ஆளுகளுக்கு இடம் கிடைக்கும்.”

“நல்லதுதான். நானும்தான் கை தூக்குனேன்.” அவன் தாளை மேசையில் வைத்தான். “ஆனா எதிர்ப்பவர்னு கேட்டுட்டு நிமிர்ந்து பாக்குறேன் மதினி, அத்தனை மூஞ்சியும் என் மூஞ்சி மாதிரியே இருக்கு. எனக்குப் பயமாப் போச்சு. அண்ணன் இருந்தவரைக்கும் அவருக்கு எதுக்க நான் இருந்தேன், வீட்டுக்குள்ள நீங்க இருந்தீக. எனக்கு இப்ப ஆரு இருக்கா?”

அவனுக்குப் பின்னால் வாசலில் நிழல்கள் சேர ஆரம்பித்தன. வில்வநாதன் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ்காரி வந்தாள். ராசகனி படியோரம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். சிலர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டே வந்தார்கள்.

காளீஸ்வரி அவர்களைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அவனோடு இருந்ததில் சங்கரபாண்டியன் ஒரு நாளும், ஒரே ஒரு நாளும், தன்னோடு ஒத்துப்போகச் சொல்லி அவளைக் கேட்டதில்லை. அவள் சொல்லி முடித்ததும் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு, ‘சரி, அப்புறம்?’ என்றுதான் கேட்பான். அவனுடைய கட்சியில் அவள் உட்கார்ந்திருந்த இடம் எப்போதுமே அவனுக்கு எதிரில்தான். அந்த இடத்தைத் துலா எடுத்துவிடவில்லை. எத்தனை தடவை மஞ்சள் எரிந்தாலும் அதை எடுத்திருக்க முடியாது.

அட்டையை இழுத்து, இரட்டைக்கரைக் கிளைச் செயலாளர் என்ற இடத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

“உக்காருங்க” என்றாள். “எல்லாரும் உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீக. தம்பி, நீங்க வாசிங்க.”

தவமணி தாளை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரியில் பாதி போயிருப்பான்.

“நிறுத்துங்க” என்றாள் காளீஸ்வரி.